புல்தரைக்குப் பதில் பொடுதலை: பெருங்குடியில் ஓர் அலுவலக வளாகத் தோட்டம் பற்றிய மதிப்புரை

பெருங்குடியில் பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சதுப்புநிலத்தை ஒட்டிய பக்கத்தில் நிற்கும் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் நிர்வாகத்தைக் கவனித்துவருகிறேன். 2022ஆம் ஆண்டு அதன் வெளிப்புறம் முழுவதையும் மாற்றியமைக்க ஒரு சிறிய வடிவமைப்புக் குழுவை அமர்த்தினோம். வேலை முடிந்து சில மழைக்காலங்களும் கத்திரி வெயில்களும் கடந்துவிட்டன. இந்த மாதிரி வேலையை ஒப்படைத்த அன்றே மதிப்பிடக் கூடாது. அன்றைக்கு எல்லாத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். இப்போது தாராளமாக மதிப்பிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்புக்கு இவர்களை மனமாரப் பரிந்துரைப்பேன். பராமரிப்புக்கு அழைக்க மாட்டேன். குறைகளையும் எழுதப்போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையை வேறு யாரிடம் கொடுத்தாலும் நான் சொல்லும் கேள்விகள் எழத்தான் செய்யும்.

முன்பு இருந்ததைச் சொன்னால்தான் பிறகு வந்ததன் அருமை புரியும். முகப்பில் ஏறத்தாழ 800 சதுர மீட்டர் பரப்பில் மெக்சிகன் புல்தரை. அதன் ஓரத்தில் வரிசையாக ராயல் பாம் மரங்கள். நடைபாதைகளின் இரு பக்கமும் பெட்டி போல் வெட்டிய மஞ்சள் துரந்தா வேலி. பின்சுவரை ஒட்டி, வேகமாக வளரும் என்பதற்காகவே நட்டுவைத்த கொனோகார்பஸ் வரிசை. வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு மயிற்கொன்றைகள் இருந்தன. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது இரண்டும் வேரோடு சாய்ந்தன. அந்த இடத்தை சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். சென்னையில் ஏராளமான அலுவலக வளாகங்கள் இப்படித்தான் இருக்கின்றன. கட்டட முகப்பின் வரைபடத்தில் பச்சை நிறம் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த யோசனையும் இல்லாமல் நட்டவை இவை.

அந்தப் புல்தரை குடித்த தண்ணீரைக் கணக்கிட்டால் மனம் பதைக்கும். சென்னைக் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தேவை. எங்கள் முகப்புக்கு மட்டும் 4,000 லிட்டர். அதாவது ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கை, யாரும் கால் வைக்கக்கூட அனுமதியில்லாத ஒரு புல்தரைக்குத் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நகரமே குடத்துடன் தெருவில் நின்றபோது அந்தப் புல் கருகிப் போயிற்று. அடுத்த மழை வந்ததும் புதிதாகப் புல் வாங்கிப் பதித்தார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பல நிறுவனங்கள் வந்து பார்த்தன. பெரும்பாலானவை மடிக்கணினியைத் திறந்து வண்ணப்படங்களைக் காட்டின. செடி விற்பனையும் வடிவமைப்பும் ஒரே ஆளிடம் இருந்தால் வரைபடத்தில் செடிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் என்பதை அந்த விலைப்பட்டியல்களைப் பார்த்தபோதே உணர்ந்தேன். நாங்கள் தேர்ந்தெடுத்த குழு செடி விற்கவில்லை. வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள்; செடிகளை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் முதலில் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் மற்றவர்களின் பட்டியலில் செடி விலைக்குள் ஒளிந்திருந்த தொகையைச் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் இதுதான் குறைவு.

முதல் நாளே மண்வெட்டியுடன் வந்தார்கள். வளாகத்தில் பல இடங்களில் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். முகப்பில் புல்லுக்கு அடியில் அரையடிச் செம்மண். அதற்குக் கீழே செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், காய்ந்த சிமென்ட் கட்டி. கட்டடம் கட்டியவர்கள் இடிபாடுகளை அப்படியே நிரவி, மேலே ஒரு பூச்சாகச் செம்மண்ணைப் பரப்பியிருந்தார்கள். எவ்வளவு உரம் போட்டாலும் புல் ஏன் மஞ்சளித்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. பின்பக்கம் சுத்தமான களிமண்; காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் குழியில் நின்றது.

என் மதிப்பை அவர்கள் உண்மையில் பெற்றது அதற்கடுத்த வேலையால். எங்கள் வளாகத்தின் தோட்டக்காரப் பெரியவரை அழைத்து உட்கார வைத்து, மழை பெய்தால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தங்குகிறது என்று கேட்டார்கள். அவர் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனத்தில் விவசாயம் செய்தவர். கட்டடம் எழுந்த நாளிலிருந்து இங்கே வேலை பார்க்கிறார். அதுவரை அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

"ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாடிதான் அம்மா தண்ணீர் முதலில் சேரும். அங்கே எதை நட்டாலும் அழுகிவிடும். அந்த இடத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

"இதை ஏன் ஐயா இத்தனை வருடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அந்த இடத்தில் குரோட்டன்ஸ் வை என்றார்கள், வைத்தேன். செத்தால் மறுபடியும் வை என்றார்கள்."

அவர் காட்டிய இடத்தில்தான் பிறகு மழைத்தோட்டம், அதாவது மழைநீர் தேங்கி மெல்ல இறங்கும்படி செடிகளுடன் தாழ்த்திய பள்ளம், அமைந்தது. வரைபடத்தின் மையமே அதுதான்.

இனி நீர்க்கணக்கு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் பசுமைத் தோட்டம் என்று பேசும் பலரும் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். "உங்களிடம்தான் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறதே, அதை ஊற்றினால் போயிற்று" என்பது வழக்கமான பேச்சு. அலுவலகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அதில் 20 லிட்டர் கழிப்பறைக்கே போய்விடுகிறது. அலுவலகம் நடக்கும் நாளில் சுத்திகரித்த நீர் கிடைக்கும். சனி, ஞாயிறு? ஆள் இல்லை, கழிவுநீர் இல்லை, ஆகவே தோட்டத்துக்கு நீரும் இல்லை. செடிக்கு வார விடுமுறை கிடையாது. வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் வந்த பிறகு வெள்ளிக்கிழமையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பொங்கல் விடுமுறை போன்ற நீண்ட விடுப்புகள் இன்னும் மோசம். இந்தக் குழு எங்களுடைய சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டை வாங்கி, நீர் மிகக் குறைவாகக் கிடைத்த வாரத்தை அளவுகோலாக வைத்து, அந்த வாரத்தைத் தாங்கக்கூடிய தோட்டத்தை மட்டுமே வரைந்தது. இவ்வளவு எளிமையான நேர்மையை நான் வேறு எந்த நிறுவனத்திடமும் காணவில்லை.

சுத்திகரித்த நீரில் இன்னொரு சிக்கல் உப்பு. தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெண்மையாகப் பூக்கும். இலை நுனிகள் கருகும். முன்பு முகப்பில் இருந்த இட்லிப்பூச் செடிகள் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய நின்றதற்கு இந்த நீரும் அடியில் கிடந்த சிமென்ட் கட்டியும் சேர்ந்துதான் காரணம். இட்லிப்பூ சற்றே புளிப்பான மண்ணைக் கேட்கும் செடி. இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. குளிரூட்டும் இயந்திரங்களிலிருந்து சொட்டும் நீரை எல்லோரும் சாக்கடையில்தான் விடுகிறோம். சென்னையின் ஈரக்காற்றில் ஒரு பெரிய கட்டடம் நாள் முழுவதும் இப்படி வடிக்கும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. அதில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. மாடிதோறும் அந்தக் குழாய்களை இணைத்து, தரைமட்டத்தில் ஒரு தொட்டியில் சேர்த்து, சுத்திகரித்த நீருடன் கலந்து விடுகிறோம். வெயில் ஏற ஏறக் குளிரூட்டி கூடுதலாக உழைக்கும். தோட்டத்துக்கு நீர் அதிகம் வேண்டியதும் அதே நேரத்தில்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. அதற்கு மண் வடிய வேண்டும். அதனால்தான் முகப்பின் இடிபாடுகளை அள்ளி எடுப்பதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்த இடத்தை நிரப்ப லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவரலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். குழு மறுத்துவிட்டது. எங்கோ ஒரு குன்றையோ ஏரியையோ தோண்டி இங்கே ஒரு பசுமைத் தோட்டம் போடுவதில் என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி. இருந்த மண்ணைச் சலித்து, மட்கிய உரமும் கழுவிய தென்னை நார்க்கழிவும் கலந்து பயன்படுத்தினோம். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலிருந்தே உப்பு இறங்கும்; இதை அவர்கள் அருகில் நின்று பார்த்துச் செய்வித்தார்கள்.

இப்போது முகப்புக்கு வருகிறேன். புல்லை எடுத்துவிட்டுப் பொடுதலை போடலாம் என்று அவர்கள் சொன்னபோது கட்டட உரிமையாளர்கள் முகம் சுளித்தார்கள். வயல் வரப்பில் தானாக முளைக்கும் களையை யாராவது காசு கொடுத்து நடுவார்களா என்பது அவர்களுடைய கேள்வி. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பாட்டிமார் பறித்துவரும் அதே பொடுதலைதான். தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். சில நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது. உப்பையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வாராவாரம் வெட்ட வேண்டிய தேவை இல்லை. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பொடிப்பொடியான பூக்கள் விடும்; அவற்றைத் தேடித் தேனீக்களும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளும் காலையிலேயே வந்துவிடும். முகப்பின் பெரும்பகுதியில் இதையும், மக்கள் உட்கார்ந்து எழும் சிறு பகுதியில் மட்டும் அருகம்புல்லையும் வைத்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதல் சில மாதங்கள் பார்ப்பதற்கு நன்றாக இல்லை. திட்டுத்திட்டாகப் படர்ந்தது, இடையில் கோரை முளைத்தது. வாடகைக்கு இருக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து வருத்தக் கடிதம்கூட வந்தது. வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுதாகப் பெய்து ஓய்ந்த பின்தான் தரை மூடியது. இப்போது கோடையில் இலை சற்றுச் சுருங்கிப் பழுப்பு கலந்த பச்சையாக மாறுகிறது. படப்பிடிப்புப் பச்சை வேண்டுமென்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்த நிறமாற்றமும் பிடித்திருக்கிறது. மே மாதத்தில் சென்னை மண் அப்படித்தான் இருக்கும்.

மழைத்தோட்டத்துக்கு வருவோம். எங்கள் மொட்டைமாடி ஏறக்குறைய 1,500 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால் 21 லட்சம் லிட்டர் அந்தக் கூரையில் மட்டும் விழுகிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து பல கட்டடங்களில் உறிஞ்சுகுழி இருக்கிறது. எங்களிடமும் இருந்தது, சேறு அடைத்துக்கொண்டு. அதைத் தூர்வாரினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். சதுப்புநிலத்தை ஒட்டிய இந்த இடத்தில் நவம்பரில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு அருகே ஏறிவிடும், நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது என்று அவர்கள் விளக்கினார்கள். ஆகவே கூரை நீரின் முதல் பங்கு நிலவறைத் தொட்டிக்கு. மிஞ்சுவது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒன்றரை அடி ஆழத்தில் தாழ்த்திய மழைத்தோட்டத்துக்கு. அதுவும் நிறைந்தால் தெரு வடிகாலுக்கு. பருவத்தின் முதல் மழைகளில் மண் நீரைக் குடிக்கிறது. பின்னால் வரும் பெருமழைகளில் அந்தப் பள்ளம் நீரைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்புகிறது.

அங்கே வெட்டிவேர், நீர்க்கடம்பு, கரையில் நொச்சி, ஒரு மூலையில் நீர்மருது. களிமண் வடிவதில்லை என்பதால் அடியில் கருங்கல் ஜல்லியும் துளையிட்ட குழாயும் போட்டிருக்கிறார்கள். கொசு வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது, டெங்கு என்பது இந்த நகரத்தில் சாதாரணப் பேச்சு இல்லை. கொசு முட்டை பொரிந்து பறப்பதற்கு ஒரு வாரமாவது வேண்டும். பள்ளம் இரண்டு நாளுக்குள் வடிந்துவிட்டால் கவலையில்லை என்பது அவர்கள் கணக்கு. வழக்கமான மழைகளில் அப்படியே வடிந்துவிடுகிறது. உண்மையில் கொசு இருந்தது மாடியில் பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில், அவற்றை எடுத்துவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த ஏற்பாடு எதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். தெருவே நிரம்பி, வடிகால் வழியாக நீர் வளாகத்துக்குள் திரும்பி ஏறியது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது. 2022இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது மகிழ்ச்சிதான், ஆனால் போன பரப்பு திரும்பி வந்துவிடவில்லை. அவ்வளவு பெரிய நீருக்கு முன் ஒரு கட்டடத்தின் ஒன்றரை அடிப் பள்ளம் ஒன்றும் செய்துவிட முடியாது. வெள்ளத் தடுப்பு என்று சொல்லி யாராவது உங்களிடம் மழைத்தோட்டம் விற்றால் நம்ப வேண்டாம். இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நீர் வடிந்த பிறகு சேறு பூசிக் கிடந்த பொடுதலையும் வெட்டிவேரும் மீண்டும் தளிர்த்தன. தொட்டிகளில் இருந்த அலங்காரச் செடிகள்தான் போயின.

மரத் தேர்வில் வர்தா கற்றுக்கொடுத்த பாடம் தெரிகிறது. புங்கன், பூவரசு, புன்னை, மகிழம், நுழைவாயிலில் ஒரு சரக்கொன்றை. பெரும்பாலும் கடல்காற்றுக்கும் உப்புக்கும் பழகிய மரங்கள். பின்சுவர் கொனோகார்பஸ் வரிசையைக் கட்டம் கட்டமாக அகற்றினோம். குஜராத் அரசு 2023இல் அந்த மரத்தை நடவே தடை விதித்த செய்தி வந்த பிறகு உரிமையாளர்களிடம் வாதாட வேண்டிய தேவை குறைந்தது. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். பிற்பகல் மூன்று மணிக்கு அதிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில் செடியை வேகவைத்துவிடும். நிழற்செடி என்று முன்பு வைத்தவையெல்லாம் அங்கேதான் செத்தன. சுவரிலிருந்து தள்ளிப் புங்கன் வரிசையும், சுவரை ஒட்டி ஆடாதோடையும் வைத்தார்கள். புங்கன் தலையெடுத்த பிறகு இரண்டாம் மாடிவரை கண்ணாடிக்கு நிழல் விழத் தொடங்கியிருக்கிறது.

நிலவறைக்கு மேலிருக்கும் தளத்தில் பெரிய மரங்கள் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும். ஒன்றரை அடி மண் போட்டாலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் முக்கால் டன்னுக்கு மேல் எடை. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு தொட்டியைக்கூட இடம் மாற்ற மாட்டோம் என்று குழு நின்றது. அங்கே கறிவேப்பிலை, எலுமிச்சை, நந்தியாவட்டை, செம்பருத்தி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் இலையைத் தின்கின்றன. மருந்து அடிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம். கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வரும் ஆறு மீட்டர்ப் பாதையில் கை வைக்க முடியாது. ஆகவே அங்கே வெயிலுக்கு விமோசனம் இல்லை.

இனிக் குறைகள்.

சொட்டுநீர்க் குழாய்களுக்குச் சாதாரண வலை வடிகட்டியைப் பரிந்துரைத்தார்கள். கிணற்று நீருக்கு அது போதும். சுத்திகரித்த கழிவுநீரில் பாசி போன்ற வழவழப்பு வரும். சொட்டுவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டன. வெளியே பார்த்தால் குழாய் ஓடுகிறது, செடி வாடுகிறது. தட்டு வடிகட்டிக்கு மாற்றிய பிறகே சரியானது, அதுவும் எங்கள் செலவில். நீர்க்கணக்கில் அவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் இதில் கோட்டை விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கடிதம் எழுதினேன், வடிகட்டி விற்றவரைக் கை காட்டினார்கள்.

நாற்று வாங்கும்போது கூட வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் தொகுதிக்கு வந்தார்கள், இரண்டாவதற்கு வரவில்லை. அந்தத் தொகுதியில் வந்த புன்னை நாற்றுகள் பையிலேயே நெடுநாள் கிடந்து வேர் சுருண்டவை. நட்ட பிறகும் வேர் அந்த வட்டத்தைத் தாண்டிப் போகவில்லை. அடுத்த கத்திரி வெயிலில் பாதிக்குமேல் காய்ந்தன. மாற்று நாற்றுகளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் நீண்ட இழுபறி.

இருக்கைகள் பற்றி ஊழியர்கள் அனைவருக்கும் ஒரே குறைதான். வருங்காலத்தில் நிழல் தரப்போகும் மரங்களுக்கு அடியில் இப்போதே கல் இருக்கைகளைப் போட்டுவிட்டார்கள். மகிழம் நிதானமாக வளரும் மரம். மதிய உணவு நேரத்தில் அந்தக் கல்லில் உட்கார முடியாது. இப்போதைக்கு நாங்கள் மூங்கில் தட்டி போட்டுப் பந்தல் கட்டியிருக்கிறோம், மேலே முல்லை ஏற்றியிருக்கிறோம். இந்தப் பந்தல் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பராமரிப்பு. முதல் ஆண்டு அவர்களுடைய துணை ஒப்பந்தக்காரர்தான் பார்த்துக்கொண்டார். வந்தவர்களுக்குப் பழைய தோட்டத்தின் பழக்கம்தான் தெரியும். நொச்சியைப் பெட்டியாக வெட்டினார்கள். மூடாக்காகப் பரப்பியிருந்த சருகுகளைக் குப்பை என்று கூட்டி அள்ளினார்கள். பொடுதலைக்கு நடுவே முளைத்த புல்லைக் களைக்கொல்லி அடித்து எடுக்க முயன்று, ஒரு திட்டையே எரித்துவிட்டார்கள். வடிவமைத்தவருக்குத் தெரிந்தது வேலை செய்பவருக்குச் சொல்லப்படவே இல்லை. வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கத்தரிக்கோல் வேறொருவர் கையில் இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. எங்கள் பெரியவரையே மேற்பார்வையாளராக்கி, அவருக்குக் கீழே இரண்டு பேரை வைத்தோம், சம்பளத்தையும் உயர்த்தினோம். அதன் பிறகு இந்தத் தோட்டம் தேறிய வேகத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். அவர் காலையில் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறார். தானியங்கி நேரக்கருவி மழை நாளிலும் நீர் விட்டுக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டோம். உதிரும் இலைகள் வளாகத்தை விட்டு வெளியே போவதில்லை. பின்பக்கத்தில் செங்கல் தொட்டிகளில் போட்டு மட்கவைக்கிறார். அடுத்த ஆண்டுக்கான உரம் அதிலிருந்தே வருகிறது.

கட்டடத்தின் பசுமைத் தரச்சான்றுக்கு விண்ணப்பித்தபோது, இந்த மண்ணுக்குரிய தாவரங்கள், குறைந்த புல்தரை, மழைநீர் ஆகியவற்றுக்கான ஆவணங்களைக் குழு ஒழுங்காகத் தயாரித்துக் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரைபடங்கள் தெளிவாக இருந்தன; குழாய் போகும் பாதை, மண்ணின் ஆழம், ஒவ்வொரு மரமும் முழுதாக வளர்ந்தால் பிடிக்கும் இடம் எல்லாம் குறித்திருந்தார்கள். கேட்ட கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் சொன்னார்கள். பருவம் பார்த்து நட்டதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு திறப்பு விழா இருந்தது; அதற்கு முன் நட்டுத் தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. கோடையில் நட்டால் பாதி போய்விடும், செப்டம்பர் இறுதிவரை காத்திருங்கள் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் உழுது போட்ட மண்ணைத்தான் பார்த்தார்கள். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லத் துணிந்த அந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த வேலைக்கும் இவர்களைக் கூப்பிடுவேன்.

சொந்தச் சுத்திகரிப்பு நிலையமும், பொறுமையுள்ள உரிமையாளரும், நிரந்தரமாக ஒரு தோட்டக்காரரும் இருக்கும் வளாகத்துக்கு இந்தக் குழு பொருத்தமானது. ஆறு மாதத்துக்குள் படம் எடுத்துப் போடும்படியான தோட்டம் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். அழைப்பதாக இருந்தால், நாற்று வாங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆள் உடன் வந்து ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு கோடைகள் தாண்டும்வரை கட்டணத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். எந்த நீருக்கு எந்த வடிகட்டி என்பதைக் கையெழுத்துடன் வாங்குங்கள். உங்கள் தோட்டக்காரருக்கு வரைபடத்தை இடத்திலேயே நடந்து காட்டி விளக்குவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். காய்ந்துபோன புன்னைகளின் இடத்தில் நடுவதற்கு வனத்துறை நாற்றங்காலில் பெரியவரே வேரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாற்றுகள் இப்போது பின்பக்க நிழலில் இருக்கின்றன. முதல் மழை பெய்ததும் நடப்போகிறோம்.